அம்மிக்கல்லை எடுக்கச் சொன்ன மகனுக்கு

கண்ணு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "படிச்சுக் காட்டட்டுங்களா அம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். என் மகன் எனக்கு எழுதியதை ஊரார் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா? மத்தியான வெயில் முற்றத்தில் விழும்போது காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் வலது கண்ணால் இன்னும் படிக்க முடிகிறது. ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். இதை எழுதுவதும் அதே வெயிலில்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறியும் இருக்கும். பொறுமையாகப் படி. சின்ன வயதில் உன் கோழிக்கிறுக்கலை நான் படிக்கவில்லையா?

நீ சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் போய்க்கொண்டிருக்கிறது. போனது போனதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாம் என்றுதான் பாலக்காட்டு டாக்டரும் சொல்கிறார். அப்பா போன பிறகு நான் ஒண்டியாக எருமைகளோடு மல்லுக்கட்டுகிறேன். ஆகவே எருமைகளை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, கோயமுத்தூரில் உன்னோடு வந்து இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிநேகிதனின் காரை வாங்கிக்கொண்டு நீயே வருகிறாய். அன்பாகத்தான் எழுதியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, அது மருந்தினால் வந்த தண்ணீர் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினாயே, "உனக்குத் தனி அறை இருக்கிறதம்மா, நீ வெளியே ஓர் அடி எடுத்து வைக்க வேண்டிய தேவையே இருக்காது" என்று, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

அதே கடிதத்தில் உன் தெருவைப் பற்றியும் நன்றாகப் புலம்பியிருக்கிறாய். வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை, அதைப் பலகை போட்டுத் தாண்டுகிறீர்கள். லாரிக்காரன் முனையில் வேகத்தைக் குறைப்பதே இல்லை. பேரன் தவழ்ந்து வெளியே போய்விடுவான் என்று பயந்து மருமகள் பழைய சேலையை அவன் இடுப்பில் கட்டி, ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டுச் சமைக்கிறாள். தெருக்காரர்கள் கூட்டம் போட்டு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாடகை வீடுதானே, நமக்கு எதற்கு வம்பு என்று நீ போகவில்லை. சரி சாமி, பேரனை ஜன்னலில் கட்டிவிட்டீர்கள். என்னை எந்த ஜன்னலில் கட்டுவதாக உத்தேசம்? கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவின் வாய் உனக்குத் தெரியாததா?

என் பதிலைச் சொல்வதற்கு முன்னால் எதிர்வீட்டுப் பழனாத்தாளின் விஷயத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அது நடந்தபோது நீ பாலக்காட்டில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தவன் தெரு சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். எப்படி ஆனது என்று நீ கேட்கவில்லை. கேட்காதவனுக்கு நானும் சொல்லவில்லை. போன தடவை வந்தபோது வாசல் அம்மிக்கல்லில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, "இதை எதுக்கும்மா இங்க போட்டு வெச்சிருக்கே, தூக்கிக் கடாசு" என்று கத்தினாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ பஸ்ஸுக்கு அவசரத்தில் இருந்தாய்.

பழைய தெரு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மீனாட்சிபுரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண் தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடு, நம் வரிசை வீடுகளுக்கும் தெருவுக்கும் நடுவில் சாக்கடை. சாக்கடை என்று ஒன்று இருந்ததை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எருமை இல்லாத வீடு கிடையாது. கட்டுத்தரை பின்கட்டில் கொள்ளாமல் வாசலுக்கு வந்து, வாசலிலும் கொள்ளாமல் தெருவுக்கே வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வாசலில் ஓர் எருமேடு. அதை யாரும் அசிங்கமாக நினைத்ததில்லை. மேடு உயரமாக இருந்தால் அந்த வீட்டுக்கு யோசிக்காமல் பெண் கொடுத்தார்கள். சித்திரையில் வண்டி கட்டிக் காட்டுக்கு ஓட்டும் வரை அது வாசலில்தான் கிடக்கும். மழை பெய்தால் சாணியும் சோளத்தட்டும் கரைந்து சாக்கடையில் இறங்கும். அடுத்த வெயிலில் மேலே பொருக்குக் கட்டிக் கெட்டித் தரையாகத் தெரியும். எது தெரு, எது சாக்கடை என்று புது ஆளுக்குத் தெரியாது.

அப்படி ஒரு புது ஆள் வந்தார், பால் வேனுக்கு. தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார், பின்சக்கரம் பொருக்கை உடைத்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கேன்கள் உருண்டு தெருவெல்லாம் பால். அன்றைக்கு நம் தெரு நாய்களுக்கு வந்த வாழ்வை நீ பார்த்திருக்க வேண்டும். டிரைவர் மலையாளத்தில் எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். மறுநாளிலிருந்து வேன் உள்ளே வராது, மெயின் ரோட்டில்தான் நிற்கும் என்று பால் சொசைட்டியில் சொல்லிவிட்டார்கள். மெயின் ரோடு கூப்பிடு தூரம் இல்லை. பால் போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் போய், வேன் வரும் வரை புளியமரத்தடியில் காத்துக் கிடந்தால் பால் திரிந்துவிடும். திரிந்ததை வாங்க மாட்டார்கள். நம் தெருப் பெண்களுக்குப் பாலை விட்டால் வேறு என்ன வருமானம்? கடைசி வீட்டு ரங்கசாமி கேரளப் பஞ்சாயத்து ஆயிற்றே என்று மலையாளத்தில் ஓர் அபேட்சை மனு எழுதி, எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனார். "எரு உங்களுது, நீங்களே அள்ளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நியாயமான பதில்தான். ஆண்களுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சரசு புளியமரத்தடியில் திரிந்த பாலை அப்படியே ரோட்டில் கவிழ்த்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நாளைக்குக் காலையில சீமாறும் மம்பட்டியும் எடுக்கறவிய எடுங்க. எடுக்காதவிய ஊட்டு எருவை நானே அள்ளி அவிய ஊட்டுக்குள்ளயே கொட்டறன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரு முடிகிற இடத்துக்கு அப்பால் இருந்த புறம்போக்கில் வீட்டுக்கு ஒரு குழி வெட்டி, எருவை அங்கே கொண்டுபோவது என்று பேசி முடித்தோம். அதற்குள் வந்த சண்டையை எழுதினால் இந்தக் காகிதம் போதாது. "என்ற எருவுல ஆட்டுப் புழுக்கை கலந்திருக்குது, உன்றது வெறும் சாணி, ரண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ராத்திரியில மாறிப்போகும்" என்று ஒருத்தி. அவள் குழிக்கு நிழல் விழுகிறது, என் குழிக்கு விழவில்லை என்று இன்னொருத்தி. அப்பா கயிறு கட்டி எல்லை பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது சண்டையில் கயிற்றைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சாக்கடையைத் தோண்டும்போது உடைந்த கரண்டி, ஒற்றைக் கொலுசு, ஒரு பித்தளைச் சொம்பு எல்லாம் வந்தன. சொம்பை இரண்டு வீட்டுக்காரர்கள் தங்களுடையது என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அது மாரியம்மன் கோயிலுக்குப் போனது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எப்படியோ முடித்துவிட்டோம். மேடெல்லாம் போய், தெருவில் அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, வாசலில் கிடந்த கல்லையும் கட்டையையும் அப்புறப்படுத்தி, சாக்கடையை இடுப்பளவு ஆழத்துக்கு அடிக்கல் தெரியும்படி சுத்தம் செய்துவிட்டோம். நடுத்தெருவில் நின்றால் மெயின் ரோட்டுப் புளியமரம் தெரிந்தது. இந்தத் தெருவுக்கு வாழவந்த நாளாக நான் பார்க்காத காட்சி அது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பழனாத்தாள் அப்போது ஊரில் இல்லை. உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பேறுகாலம் என்று போயிருந்தாள். புருஷன் இல்லாதவள், வந்து எருவை அள்ளச் சிரமப்படுவாளே என்று அவள் வீட்டு மேட்டையும் நாங்களே அள்ளி, அவள் பேரில் குழி வெட்டிப் போட்டோம். அவள் எருமைகளைச் சரசு கறந்துகொண்டாள். திரும்பி வந்து பார்த்தால் எப்படி அசந்துபோவாள் என்று எங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டோம். மருமகன் பொழுதோடு வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில்தான் வேன் முதல்முதலாகத் தெருவுக்குள் திரும்பி வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நம் வீட்டுக்கு நேராக நின்றது. நாங்கள் எல்லோரும் நம் வாசலில் போசியும் கையுமாக, மந்திரி வருகிற மாதிரி நின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பழனாத்தாள் இறங்கினாள். எப்போதும் அவள் நடையில் ஒரு வேகம் இருக்கும். அன்றைக்கு நடுத்தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். காலால் தரையைத் தடவினாள். முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி மோப்பம் பிடித்தாள். சரசு சிரித்துக்கொண்டே, "என்னுங்கக்கா, நம்ம தெருதானான்னு மலைச்சுப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். பழனாத்தாள் அந்தக் குரல் வந்த பக்கம் சிரித்துவிட்டு நேராக நடந்து வந்தாள். நேராக வந்து, நாங்கள் கழுவி வைத்த சாக்கடைக்குள் தலைகுப்புற விழுந்தாள்.

பழைய சாக்கடையாக இருந்திருந்தால் சாணியில் கால் புதைந்திருக்கும், அவ்வளவுதான். நான் உள்ளே குதித்து அவளைத் தூக்கினேன். நெற்றி கிழிந்து ரத்தம், முழங்கால் சதை பிய்ந்து தொங்குகிறது, போசி நசுங்கிக் கிடக்கிறது. அவள் வலி என்று கத்தவில்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எருமேட்டை எங்கடி கொண்டுபோனீங்க?" என்று கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. மண்டையில் அடிபட்டதில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "உன்ற ஊட்டு மேடு சோளத்தட்டு வாசமடி. சரசு ஊட்டுது ஆட்டுப் புழுக்கை. ரங்கசாமி ஊட்டு முன்னால முளைக்குச்சி காலுல தட்டும். அதையெல்லாம் வெச்சுத்தானடி நான் நடந்துட்டிருந்தன். இப்ப ஒண்ணையும் காணமே, நான் எப்படிப் போவன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, எத்தனையோ காலமாக அவளுக்கு வெளிச்சம் இருட்டு தவிர வேறு எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தன்னை இங்கே தனியாக இருக்க விடமாட்டார்கள் என்று பயம். நாங்கள் எதிரெதிர் வீடு. தினமும் முகத்தில் முழிக்கிறோம். எதிரே போய்ச் சிரித்தால் அவள் சிரிக்க மாட்டாள். மகளை வசதியான இடத்தில் கொடுத்துவிட்ட தலைக்கனம் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. நானும் பேசியவள்தான். அப்பாவும் நானும் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நரம்பு செத்துவிட்டது, ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆனைமலைக்குச் சொல்லிப்போடாதீங்க." ஆனைமலையில்தான் அவள் கொழுந்தனார் இருந்தார்.

நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போக ஊரில் கால்களுக்கா பஞ்சம்? அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலேயே கொழுந்தனார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அண்ணன் பெண்சாதியை நினைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெசனப்படாதீங்க அண்ணி. எங்கூட்டுல சோத்துக்குப் பஞ்சமில்லீங்க. உக்காந்த எடத்துக்குத் தட்டம் வரும். வெளிய ஒரு அடி எடுத்து வெக்க வேண்டாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் கண்ணு, சனிக்கிழமை உன் எழுத்தில் திரும்பப் படித்தேன். பழனாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே எழுந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு குசுகுசுவென்று சொன்னாள். "அங்க போனா எருமை மடியைத் தொடக்கூட விடமாட்டாங்கடி. என்ற கைக்கு வேலையே இருக்காது. சோறு தின்னுட்டு உக்காந்தே செத்துப்போவன். என்னை அனுப்பாதடி." அங்கேயே, அவளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் கூடப்பிறந்தவள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்திருக்க மாட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டு. சாட்டு என்றால் என்ன என்று கோயமுத்தூர்க் காற்றில் நீ மறந்திருந்தாலும் இருப்பாய். மேளம் கொட்டி, நோம்பி வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடியும் வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. விருந்தாளியாக வந்த உறம்பரை போகலாம். ஊர்க்காரி போகக் கூடாது. கொழுந்தனார் சாமிக்குப் பயப்படுகிற ஆள். வேண்டியதெல்லாம் பொழுது சாயும் வரை அவரை நிறுத்தி வைப்பதுதான். நான் வெளியே வந்து, "ஏனுங்க, அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. சந்தகை திங்காமப் போனா எங்க தெருவுக்கே கேவலமுங்க. சித்தெ இருங்க, இப்ப ஆயிரும்" என்றேன். சரசு என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அப்போதுதான் அரிசியை ஊறவே போட்டோம்.

சந்தகை ஆகிற வேலை உனக்குத் தெரியும். அரிசி ஊற வேண்டும், ஆட்ட வேண்டும், வேகவைக்க வேண்டும், மர உரலில் போட்டு ஆள்மாற்றி ஆள் தொங்கிப் பிழிய வேண்டும். அன்றைக்கு அந்த வேலை இன்னும் நீண்டது. சரசு ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து, தூங்குகிறவளைப் போல் ஆட்டினாள். தேங்காய் அழுகல் என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றுக்கு ஆள் அனுப்பினோம். அந்தத் தேங்காய்க்கு ஒரு குறையும் இல்லை. அப்பா தன் பங்குக்குக் கொழுந்தனாரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பம்புசெட்டின் சரித்திரத்தை முழுசாகச் சொன்னாராம். பொழுது மேற்கே இறங்கும்போதுதான் இலை போட்டோம். சந்தகையும் தேங்காய்ப்பாலும் அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "அண்ணி, பொறப்படலாமுங்களா?" என்று அவர் கேட்டு வாயை மூடவில்லை, கோயில் பக்கம் மேளம் கிளம்பியது. மனுஷருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார், சரசைப் பார்த்தார், சாப்பிட்ட இலையைப் பார்த்தார். "நல்லா சந்தகை பிழிஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பூட்டினார். நோம்பி முடிந்த மறுநாள் வருவேன், அன்றைக்கு எந்தச் சாட்டும் என்னைத் தடுக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இதில் சாமி எவ்வளவு, எங்கள் சூழ்ச்சி எவ்வளவு என்று என்னைக் கேட்காதே.

நோம்பி முடிகிற வரைக்கும்தான் எங்களுக்குத் தவணை. மறுநாள் காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பழனாத்தாளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். "எருமேட்டைத் திரும்பக் கொண்டாந்து போட்டுடறோமுங்க அக்கா" என்று சரசு சொன்னாள், சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. வேன் மறுபடி நின்றுபோகுமே. பழனாத்தாள், "சாணி எதுக்கடி? காலுக்கு ஏதாச்சும் தட்டுப்பட்டாப் போதும். இதுதான் ஓரம், இது இன்னாரு ஊடுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். முன்னமே அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த முழங்கால் பிய்ந்திருக்காது. ஆண்கள் டீக்கடையை விட்டு எழுந்து வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றுப் படுகையிலிருந்து கல் ஏற்றி வந்து, சாக்கடை ஓரத்தில் தெரு நெடுக வரிசையாகப் பதித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராகப் பலகைக்கல் போட்டுப் பாதை விட்டு, பாதையின் ஓரத்தில் அந்த வீட்டுக்கென்று அடையாளமாக ஒரு கல். சரசு வீட்டுக்கு உடைந்த ஆட்டுக்கல். ரங்கசாமி வீட்டுக்குச் சொரசொரவென்று ஒரு துவைக்கிற கல். நம் வீட்டுக்குப் பழைய அம்மிக்கல், நடுவில் அரைத்து அரைத்துக் குழிந்தது, வெறுங்காலை வைத்தால் மழமழவென்றிருக்கும். தெரியாமல் யாரும் நகர்த்திவிடக் கூடாது என்று அப்பா அதைப் பாதி புதைத்து நட்டார்.

பழனாத்தாள் முழங்காலில் கட்டோடு தினமும் நடந்து பார்த்தாள். ரங்கசாமி தன் வீட்டுக்கு நேராகக் கல்லைத் தெருப்பக்கம் தள்ளிப் பதித்து, கொஞ்சம் இடத்தைத் தனதாக்கப் பார்த்தார். அவள் காலாலேயே அதைக் கண்டுபிடித்து, "மாமா, உங்க ஊட்டுக்கு மட்டும் தெரு பொடைச்சிருக்குதுங்களே" என்று சத்தமாகச் சொன்னாள். தெருவே சிரித்தது. அவர் அன்றைக்கே பிடுங்கி நேராக வைத்தார். விழுந்துவிடுவாளோ என்று சரசு கூடவே ஓடினால், "கூட வராதடி, உன்ற காலடிச் சத்தத்துல எனக்கு வழி தப்புது" என்று விரட்டினாள். ஒருநாள் தடுமாறி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. நோம்பி முடிந்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட மறுநாள், சொன்னபடி கொழுந்தனார் வந்தார். இந்தத் தடவை வண்டியில் புதுக் கயிற்றுக் கட்டில் ஒன்று இருந்தது. தன் வீட்டில் அவள் படுப்பதற்காக, வருகிற வழியில் வாங்கி ஏற்றி வந்திருந்தார். வேன் ஹாரன் அடித்தது. பழனாத்தாள் கறந்த பாலைப் போசியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். வேன் அன்றைக்குத் தெருமுனையில் நின்றது, நாங்கள்தான் டிரைவரிடம் சொல்லி நிறுத்தியிருந்தோம். அவள் நடந்தாள். கொழுந்தனார் பின்னாலேயே நடந்தார். வாசல் வாசலாகப் பெண்கள் நின்று பார்த்தோம். அம்மிக்கல்லைக் காலால் தொட்டதும், "உங்கூட்டுல கொள்ளு வேகுதாடி?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, நிற்காமல் போய், பாலை அளந்து ஊற்றிவிட்டு, சிந்தாமல் திரும்பி வந்தாள்.

கொழுந்தனார் வண்டிக்குப் போய்க் கட்டிலை இறக்கினார். ஒண்டியாகவே தலையில் சுமந்துகொண்டு போய் அவள் வீட்டுக்குள் போட்டார். "இங்கயே படுத்துக்குங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான். போகும்போது என்னிடம் மட்டும், "சந்தகை இருக்குதுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு இல்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், இன்றைக்கு அந்தக் கல் வரிசையில் நானும்தான் நடக்கிறேன். பழனாத்தாளுக்கு என்று போட்டது. அவளை விடச் சின்னவள் நான், எனக்கு இது வரும் என்று அப்போது யார் கண்டார்கள்? போன மாசம் கோயில் பூசாரியின் சம்சாரம் எதிரே வந்து சிரித்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. மகன் கோயமுத்தூரில் உத்தியோகத்தில் இருக்கிற தலைக்கனம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பழனாத்தாள் அதைக் கேட்டுவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்பத் தெரியுதாடி, நான் ஏன் சிரிக்கலைன்னு?" என்றாள். நானும் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். விடியும்போது கண்ணைத் திறந்து, ஜன்னல் இன்னும் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் வாசலில் இறங்கி அம்மிக்கல்லில் காலை வைத்ததும் அந்தப் பயம் விட்டுப்போகிறது. அங்கிருந்து எனக்கு வழி தெரியும். பாலை ஊற்றுவேன், கடைக்குப் போவேன், தபால் பெட்டி வரைக்கும் போவேன். உன் வீட்டில் என் கால் எதைத் தொடும்? பலகையையா?

ஆகவே நான் சொல்வதைச் செய். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் நீயே கூட்டு. வாடகை வீடாக இருந்தால் என்ன, வாடகை வீட்டுக்காரன் பிள்ளை சாக்கடையில் விழ மாட்டானா? ஆனால் முதல் நாளே மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே, நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம். முதலில் வீடு வீடாகப் போ. யார் எந்த நேரத்தில் எப்படி நடக்கிறார்கள் என்று கேள். முகம் கொடுத்துப் பேசாதவர்கள் வீட்டுக்கு இரண்டு தடவை போ. அவர்களுக்குத் தலைக்கனம் இல்லாமலும் இருக்கலாம். சண்டை வரும். எங்களுக்கு எருவுக்கு வந்தது, உங்களுக்கு ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு வரும். வரட்டும். சண்டை போடுகிறவர்கள் வேலைக்கும் வருவார்கள், டீக்கடையில் தலையாட்டுகிறவர்களை நம்பாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. பிள்ளையை ஜன்னலில் கட்டுகிறவளுக்குத்தான் அந்தச் சாக்கடையின் ஆழம் தெரியும். நோம்பி முடிந்ததும் நான் பஸ்ஸில் வருகிறேன், விருந்தாளியாக. உன் வாசலிலிருந்து முனைக்கடை வரைக்கும் ஒருதரம் தனியாக நடந்து பார்ப்பேன். நடக்க முடிந்தால் எருமையை விற்பதைப் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதே.

இன்றைக்குத் திங்கட்கிழமை. இதை ஒட்டி நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன். நாளைக்குச் சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டு. இது உன் கைக்கு வரும்போது மேளம் கொட்டி முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வா. மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா, அவனை இங்கே எதிலும் கட்ட வேண்டியதில்லை. உனக்குச் சந்தகை பிழிந்து வைக்கிறேன். காரை விட்டு இறங்கும்போது மட்டும் காலைப் பார்த்து வை. அம்மிக்கல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

உன் அம்மா